ராமென் கிண்ணத்தில் கொங்கு வாசம்!

கோவைப் பக்கம் வீட்டில் சந்தகை செய்வதென்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஊறவைத்து நைசாக அரைத்த புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூன்று கால் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஒருவர் காலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்றுவார். மாவு ஆறிவிட்டால் கைதான் வலிக்கும், நூல் இறங்காது. "கண்ணு, இங்க வந்து இதைக் கொஞ்சம் புடிச்சுக்கோ" என்று பாட்டி கூப்பிட்டால் பேரன் பேத்திகள் ஓடிவர வேண்டியதுதான்.

இன்று அதே பேரன் 'நருட்டோ' கார்ட்டூன் பார்த்துவிட்டு, "ராமென் செய்யலாமா பாட்டி?" என்று கேட்கிறான். கேட்க அந்நியமாக இருந்தாலும், ராமென் கொங்கு அடுப்புக்கு அவ்வளவு தூரத்து உறவு இல்லை!

ஜப்பானுக்கே அது வந்த உணவுதான். சீனக் கோதுமை நூடுல்ஸும் சூப்பும் ஜப்பானுக்குப் போய் உருமாறியதே ராமென். டோக்கியோவின் அசகுசா பகுதியில் 1910-ல் திறந்த 'ராய்ராய்கென்' கடை அதைப் பிரபலமாக்கியது. 1958-ல் மொமொஃபுகு ஆண்டோ அதைப் பாக்கெட்டில் அடைத்தார். இன்றைய இரண்டு நிமிட நூடுல்ஸுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

முதல் பஞ்சாயத்து வீட்டில்!

ராமென் மீது வைக்கும் பன்றிக்கறித் துண்டுக்கு 'சாஷு' என்று பெயர். கொங்கு நாட்டில் எல்லா வீட்டுக்குள்ளும் பன்றிக்கறி நுழைவதில்லை. சாப்பிடும் குடும்பங்களிலும், புழக்கடையில் தனி அடுப்பு மூட்டித் தனிச் சட்டியில் ஆக்கும் வழக்கம் உண்டு. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு போட்டு வறுத்த கறியின் ருசி தெரிந்தவர்களும் வெளியில் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். அதனால், ராமென் செய்யக் கிளம்பும் பேரன் முதலில் பாட்டியிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் வருத்தப்படத் தேவையில்லை. ஜப்பானிலேயே கோழிச் சாறு ராமெனும் உண்டு.

அனுமதி கிடைத்தால், கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப் பகுதி வெண்பன்றிக் கறி ஒரு கிலோவும் தனியாக எலும்பும் வாங்க வேண்டும். கறியைச் சுருட்டி நூலால் கட்டி, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, சோயா சாஸ், இஞ்சி, வெங்காயத் தாள், கொஞ்சம் வெல்லம், தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் 2 மணி நேரம் வேகவிட வேண்டும். கடைசியில் ஓவனிலோ தோசைக்கல்லிலோ மேல்புறம் முறுக விட்டால் வாசம் தெருமுனை வரை போகும். பன்றிக்கறி உள்வரை முழுதாக வெந்தே ஆக வேண்டும். ஆறிய பிறகு வெட்டினால் துண்டு உடையாது.

எலும்புச் சாறுக்கு அவசரம் ஆகாது. எலும்பை ஒருமுறை கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு புதுத் தண்ணீரில் பூண்டு, இஞ்சியோடு பிரஷர் குக்கரில் 2 மணி நேரம். ஜப்பானியர் சாற்றில் காய்ந்த சிறுமீன் சேர்ப்பார்கள். நமக்குக் கைகொடுப்பது நெத்திலிக் கருவாடு. தலையையும் குடலையும் நீக்கி, ஊறவைத்து உப்பைக் குறைத்துவிட்டு, சாறு தயாரான பின் ஒரு பிடி போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் போதும். முட்டைக்குக் கவலையே இல்லை, பக்கத்திலேயே நாமக்கல்! ஆறரை நிமிடம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டு உரித்து, தண்ணீர் கலந்த சோயா சாஸில் ஊறவிட வேண்டும்.

நூலில்தான் சூட்சுமம்

ராமென் நூல் மஞ்சளாகவும் ரப்பர் போலத் துள்ளலாகவும் இருக்கக் காரணம் 'கான்சுயி' என்ற காரநீர். வீட்டில் அதற்கு மாற்று உண்டு. சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் அதன் காரத்தன்மை கூடிவிடும். வெறும் கையால் தொடக்கூடாது. 250 கிராம் மைதாவுக்கு 100 மில்லி தண்ணீர், இந்தச் சோடா 3 கிராம், சிறிது உப்பு. பிசைந்து ஊறவிட்டு, மெல்லிசாகத் தேய்த்து வெட்ட வேண்டும். மாவு முரண்டு பிடிக்கும், வலுவான கை தேவை.

அந்த வலு இல்லாத நாளில் பரணில் இருக்கும் சந்தகை மிஷினை இறக்கலாம். சந்தகையில் கோதுமையின் இழுவை கிடையாது. சாற்றில் போட்டுக் கொதிக்கவைத்தால் கரைந்துவிடும். ஆகவே கிண்ணத்தில் சந்தகையை வைத்து, கறியும் பாதி முட்டையும் அடுக்கி, சூடான சாற்றைச் சாப்பிடும் நேரத்தில் ஊற்ற வேண்டும். ஜப்பானியர் அதை ராமென் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். ஆனால், சந்தகைக்குக் கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுப் பழகிய கொங்கு நாக்குக்கு அதில் ஒன்றும் புதிதில்லை.

இப்போது கோவையில் சந்தகை கடையிலேயே கிடைக்கிறது. பல வீடுகளில் மிஷின் பரணுக்குப் போய்விட்டது. பேரனின் ராமென் ஆசையால் அது ஒருநாள் கீழே இறங்கினால் நல்லதுதான். கைப்பிடியை அவன் சுற்றட்டும். காலைப் பிடித்துக்கொள்ளப் பாட்டி இருக்கிறார்.