காமெடியா மாத்திக்கோப்பா

பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் இரவெல்லாம் பாரதக் கூத்துதான். ஓர் ஆண் திரௌபதியாக வந்து கூந்தலை விரித்துச் சபதம் போடும்போது பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு அவர் டீக்கடைக்கு வந்தால், அவருடைய நடையையும் கையசைவையும் பார்த்து அதே ஊர் சிரிக்கும். வேஷத்தைக் கும்பிடுகிற ஊருக்கு, வேஷமில்லாத மென்மை மட்டும் ஏன் உறுத்துகிறது?

நான் படித்த கல்லூரியிலும் இதே கணக்குதான். ஆண்டுவிழாவில் பையன்கள் புடவை கட்டி ஆடினால் விசில் பறக்கும். மூன்றாம் ஆண்டில் நான் எழுதிய நாடகத்தில் புடவையே கிடையாது. ஹாஸ்டலில் ஒரு பையன் இன்னொருவனிடம் "உன்னைப் பிடிச்சிருக்குடா" என்பான். அவ்வளவுதான் கதை. படித்த ஆசிரியர், "காமெடியா மாத்திக்கோப்பா, மேடை தரேன்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சிரிப்பு வந்தால் பிரச்சினை வராது என்பது அவர் அனுபவம்.

நாங்கள் மாற்றவில்லை. நண்பனின் வாடகை வீட்டு மொட்டை மாடியில் 17 பேர் முன்னால் போட்டோம். அந்த வசனத்தைப் பேசியது நான். அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

எங்களுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் உண்டு. 2014-ல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் சென்னையில் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். 'கலர் ஆஃப் டிரான்ஸ்' நாடகத்தில் திருநர்களான தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். 2015-ல், வித்யாவின் தன்வரலாற்றை வைத்து எடுத்த 'நானு அவனல்ல அவளு' கன்னடப் படத்துக்காகச் சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டது. மறைந்த விஜய் நல்ல நடிகர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கூத்துமேடைக் கணக்கு இங்கேயும் இருக்கிறது. அந்த வாழ்க்கையை நடித்துக் காட்டுகிறவருக்கு விருது கொடுக்கிற நாட்டில், அதை வாழ்கிற திருநங்கைக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதே பெரும்பாடு.

வயதுவந்த இருவர் மனமொத்துக்கொள்ளும் தன்பால் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆண்டுவிழா மேடைக்கு அந்தச் சேதி போய்ச் சேர நாளாகும் போல.

இப்போது ஜூனியர் யாராவது ஸ்கிரிப்டோடு வந்தால் நான் சொல்வது ஒன்றுதான்: நாடகம் ஊரை மாத்திடாது தம்பி. ஆனா மனசுல இருக்கிறதைச் சத்தமாச் சொல்லிப் பார்க்க ஓர் இடம் வேணும். அதுக்கு 17 பேர் போதும்.