கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

‘வியாபாரச் சட்டம்’ என்றதும் ‘இது ஆண்கள் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! ஊறுகாய் போட்டு நாலு வீட்டுக்கு விற்பவர், வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பவர், கணவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர் என்று நம்மில் எத்தனையோ பேர் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறோம். பள்ளிக்கூடப் படிப்போடு நின்ற எனக்கே புரிந்த விஷயங்கள் இவை. உங்களுக்குப் புரியாதா என்ன?

நானும் என் ஓர்ப்படியும் ஆறு வருஷமாக ஈரோட்டில் நைட்டி தைத்து மொத்த விலைக்குக் கொடுத்து வருகிறோம். இரண்டு மெஷினோடு ஆரம்பித்தது. இப்போது எங்களிடம் ஏழு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

வக்கீல் குமாஸ்தாவாக முப்பது வருஷம் இருந்தவர் என் அப்பா. நாங்கள் முதல் துணி வாங்கும் முன்பே, “ஒரே வீட்டு மருமகள்கள்தானேன்னு வாய்ப்பேச்சோட விட்டுடாதீங்கம்மா. எழுதிப் பதிவு பண்ணிடுங்க” என்றார். அதற்குக் காரணமும் சொன்னார். 1932-ம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டப்படி, பங்கு எவ்வளவு என்று எழுதிக் கொள்ளாவிட்டால் லாப நஷ்டம் சரிசமம்தான். யார் அதிகம் உழைத்தார், யார் அதிகம் பணம் போட்டார் என்ற கணக்கெல்லாம் எடுபடாது. தவிர, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வெளியார் மீது சிவில் வழக்குப் போட முடியாது. ஆனால் வெளியார் நம் மீது போடலாம்! இது எவ்வளவு பெரிய சங்கடம், பாருங்கள்.

இன்னொன்று. கூட்டு வியாபாரத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுசாகப் பொறுப்பு. தொழிலில் பணம் இல்லையென்றால் நம் சொந்தச் சொத்து வரைக்கும் கை நீளும். லிமிடெட் கம்பெனி என்றால் அப்படியில்லை. கம்பெனி வேறு, அதை நடத்துகிறவர் வேறு என்று 1897-லேயே இங்கிலாந்தில் சாலமன் என்கிற பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் தீர்ப்பாகி விட்டது. நம் நாட்டிலும் அதே வழிதான்.

எங்களுக்குச் சோதனை மூன்றாம் வருஷம் தீபாவளி சமயத்தில் வந்தது. ஓர்ப்படியின் பிறந்த வீட்டு வழியில் அண்ணன் முறையாகும் ஒருவர், வெளியூரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், எங்களிடம் 1,86,000 ரூபாய்க்குச் சரக்கு எடுத்தார். கொடுத்த செக், ‘கணக்கில் போதிய பணம் இல்லை’ என்று பாங்கிலிருந்து திரும்பி வந்தது. போன் செய்தால், “சொந்தத்துக்குள்ள என்னம்மா அவசரம்? பொம்பளைங்க நீங்க கோர்ட்டுப் படியேறவா போறீங்க?” என்று சிரித்தார்.

ஓர்ப்படி அழுதே விட்டாள். “அக்கா, அவருக்கு நோட்டீஸ் விட்டா எங்க அம்மா வீட்டுப் பக்கம் நான் தலைகாட்ட முடியுமா?” அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் கீழே ஏழு பெண்கள் போனசுக்குக் காத்திருந்தார்களே! அவர்கள் வீட்டிலும் பண்டிகைதானே?

செக் விஷயத்தில் நாள் கணக்கு ரொம்ப முக்கியம். திரும்பி வந்த தகவல் பாங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். குற்றம் நிரூபணமானால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘நாளைக்குத் தர்றேன், அடுத்த வாரம் தர்றேன்’ என்று இழுப்பவர்கள் பலரும் இந்த நாட்களைத்தான் தின்கிறார்கள்.

இரண்டு நாள் பேசாமலே இருந்தாள் ஓர்ப்படி. மூன்றாம் நாள் அவளே வந்து, “அனுப்பிடலாம் அக்கா. என் கையெழுத்தும் போடறேன்” என்றாள். வக்கீல் மூலம் ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போனது. பன்னிரண்டாம் நாள் முழுப் பணமும் பாங்கில் வந்து விழுந்தது. போனஸ் கொடுத்தோம். அந்த அண்ணன் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. ஒரு கல்யாணத்தில் முகத்தைத் திருப்பிக் கொண்டார். இப்போது பேசுகிறார், சரக்கும் எடுக்கிறார், ரொக்கத்துக்கு!

சிறு தொழில் செய்யும் சகோதரிகளுக்கு இன்னும் சில குறிப்புகள்:

உத்யம் பதிவு இலவசம். முதலிலேயே செய்து கொண்டால், சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் வருஷத்துச் சட்டம் நமக்குப் பக்கபலமாக நிற்கும். தாமதமானால் ரிசர்வ் பாங்க் அறிவிக்கும் வட்டியைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி.

பில், டெலிவரி ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். சரக்குப் பாக்கிக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு. அதற்குள் ‘இவ்வளவு பாக்கி’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் கெடு புதிதாக ஆரம்பிக்கும்.

மூன்று லட்சமும் அதற்கு மேலும் போகிற வியாபாரத் தகராறு, வணிக வழக்குகளுக்கான கோர்ட்டுக்குப் போகும். அவசரத் தடை உத்தரவு தேவைப்பட்டால் தவிர, வழக்குக்கு முன் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம்.

ஜாமீன் கையெழுத்து ‘சும்மா பேருக்கு’ அல்ல. கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டால் ‘லிமிடெட்’ என்ற பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. உங்களைப் பார்ட்னராகவோ டைரக்டராகவோ போட்டிருந்தால், கடன் எவ்வளவு, செக்கில் யார் கையெழுத்து என்று கேளுங்கள். கேட்டால் கணவர் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகாது. ஒரு பிரதி உங்கள் பீரோவிலும் இருக்கட்டும்.

‘வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?’ என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உங்கள் மாவட்டத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் காகிதங்களோடு போய்க் கேளுங்கள். நாள் தவறுவதற்குள் போங்கள்.