காற்றை எப்படி வரைவது?

ஏழு வயதுப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளையும் கிரேயான் பெட்டியையும் கொடுத்து, "சுத்தமான காற்றை வரை" என்று சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரம் திருதிருவென்று முழிக்கும். மரம், மழை, யானை என்று எதைக் கேட்டாலும் வரைந்துவிடும். ஆனால் காற்றுக்கு எந்தக் கிரேயானை எடுப்பது?

பிரிட்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு ஜூன் மாதம் வந்தால் இந்தச் சோதனை. அங்கே முதல் 'தூய காற்று நாள்' 2017 ஜூன் 15 அன்று நடந்தது. நடத்தியது குளோபல் ஆக்‌ஷன் பிளான் என்ற தொண்டு நிறுவனம். அதையொட்டிப் பல ஊர்களில் உள்ளாட்சி மன்றமும் பள்ளியும் சேர்ந்து பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கின்றன. ஜெயித்த படத்தைப் பெரிய பேனராக அச்சடித்துப் பள்ளி வேலியில் கட்டுவதும் உண்டு.

முடிவு வெளியாகும் இடம் பள்ளியின் செய்தி மடல். அந்த ஊர்ப் பள்ளிகளில் இது ஒரு தனி உலகம். முன்பு வெள்ளிக்கிழமையானால் பிள்ளையின் புத்தகப் பையில் மடித்து வைத்து அனுப்புவார்கள். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. உள்ளே என்ன இருக்கும்? தலையில் பேன் பரவுகிறது, கவனியுங்கள். வேர்க்கடலை கலந்த பண்டம் கொடுத்தனுப்பாதீர்கள். காணாமல் போன ஸ்வெட்டர்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, வந்து எடுத்துப் போங்கள். கோடை விழாவுக்குக் கேக் செய்ய ஆள் தேவை. இவற்றுக்கு நடுவே ஒரு மூலையில்: தூய காற்று ஓவியப் போட்டியில் நம் பள்ளிக்கு இரண்டாம் பரிசு!

அந்தப் பிள்ளையின் பெற்றோர் அதை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவார்கள். மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அவ்வளவுதானா விஷயம்?

இத்தகைய போட்டிகளில் பிள்ளைகள் வரைவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தாளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் கறுப்பு. முகமூடி போட்டு அழுகிற பூமி. மரக்கிளைகளாக விரிகிற நுரையீரல். கறுப்புப் பக்கத்தில் தவறாமல் ஒரு ஃபாக்டரி, அதன் உச்சியில் புகைபோக்கி, குபுகுபுவென்று புகை. சுத்தமான காற்றை வரைய முடியாததால் அழுக்கான காற்றை வரைகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் புகைபோக்கி அவர்களுடைய காலத்துக் காற்று அல்ல, தாத்தா பாட்டி காலத்துக் காற்று.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைமூட்டம் அப்படிப்பட்டது. கடும் குளிர், காற்றே வீசவில்லை, வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. கிளம்பிய புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கிவிட்டது. எதிரே வருகிற ஆள் தெரியவில்லை, பஸ் ஓடவில்லை. சுமார் 4,000 பேர் செத்ததாக அன்று கணக்குச் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. அந்தப் புகை கண்ணுக்குத் தெரிந்தது, தொண்டையில் கரித்தது. நான்கே ஆண்டுகளில், 1956-இல், தூய காற்றுச் சட்டம் வந்தது.

இப்போதைய அழுக்குக்கு அந்த நேர்மை கிடையாது. டீசல் வண்டி விடுகிற நைட்ரஜன் டை ஆக்சைடு சாலையோரத்தில் இருக்கிற அளவில் கண்ணில் படாது. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் நாளிலும் அது இருக்கும். எந்தக் கிரேயானும் இதற்கு உதவாது.

அப்படிப்பட்ட காற்றைச் சுவாசித்தவள்தான் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. தென்கிழக்கு லண்டனில் லூயிஷம் பகுதிச் சிறுமி. வீட்டிலிருந்து சுமார் 25 மீட்டர் தூரத்தில் சவுத் சர்க்குலர் என்ற எப்போதும் வண்டி நெரிசலான சாலை. 2010-இல் அவளுக்கு ஆஸ்துமா வந்தது. அடுத்த மூன்று வருடத்தில் ஏறத்தாழ 30 முறை மருத்துவமனைக்குப் போனாள். 2013 பிப்ரவரி 15 அன்று இறந்தாள். வயது ஒன்பது.

2014-இல் நடந்த முதல் மரண விசாரணையில் காற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. பேராசிரியர் ஸ்டீபன் ஹோல்கேட் அவளுடைய மருத்துவப் பதிவுகளையும் வட்டாரத்துக் காற்று அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். 2019-இல் உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 16 அன்று விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ தீர்ப்புச் சொன்னார்: அவளுடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம். பிரிட்டனில் ஒருவருடைய மரணக் காரணங்களில் காற்று மாசு இடம்பெற்றது அதுவே முதல் முறை.

தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. காற்று மாசு ஆஸ்துமாவை மோசமாக்கும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார், ஒருவேளை அவள் பிழைத்தும் இருக்கலாம்.

படித்து நிறுத்தி யோசியுங்கள். அவர் படிக்காதவர் இல்லை, ஆசிரியர். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். பேன் பரவுகிறது என்று சொல்ல ஒரு தாள் இருக்கிறது, ஸ்வெட்டர் தொலைந்ததைச் சொல்ல ஒரு தாள் இருக்கிறது. வீட்டு வாசலில் ஓடுகிற சாலை பிள்ளையின் மூச்சை அடைக்கிறது என்று சொல்ல மட்டும் ஒரு தாளும் அவர் கைக்கு வந்து சேரவில்லை...

அதனால்தான் செய்தி மடலின் மூலையில் வருகிற அந்த இரண்டு வரியை அலட்சியமாகத் தாண்டிவிடக் கூடாது. பிள்ளை படம் வரைய உட்கார்ந்தால் கேள்வி கேட்கும். "அம்மா, காருக்குள்ளே இருந்தாலும் புகை வருமா?" பதில் தெரியாத அம்மா தேடிப் பார்ப்பார். (வரும். முன்னால் போகிற வண்டியின் புகை உள்ளேயும்தான் வரும்.) டாக்டர் சொல்லாததை ஒரு கிரேயான் படம் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

"பெரியவர்கள் செய்த தப்புக்குச் சின்னப் பிள்ளைகள் போஸ்டர் போட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சவுத் சர்க்குலர் மாதிரி ஒரு சாலையை ஓவியம் மாற்றிவிடாது. அதற்குச் சட்டமும் பணமும் துணிச்சலும் வேண்டும். அதிக மாசு விடும் பழைய வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் திட்டம் லண்டனின் மையத்தில் 2019 ஏப்ரலில் தொடங்கியது. அது நகரம் முழுவதற்கும் பரவ 2023 ஆகஸ்ட் வரை ஆனது. வழியெல்லாம் சண்டை. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் வாசல் தெருவில் வண்டிகளைத் தடுக்கும் 'பள்ளித் தெரு' ஏற்பாடும் பல இடங்களில் வந்திருக்கிறது. இதெல்லாம் பெரியவர்களின் வேலை, கிரேயானின் வேலை இல்லை.

ஆனால் பள்ளி வாசல் வேறு விஷயம். பிள்ளைக்காகக் காத்திருக்கும் காரில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். குளிருக்கு ஹீட்டர் வேண்டும், போனுக்கு சார்ஜ் வேண்டும். புகைக்குழாய் இருக்கும் உயரம் தள்ளுவண்டிக் குழந்தையின் மூக்குக்குக் கிட்டத்தட்ட நேர் எதிரே. இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் இதற்கு 20 பவுண்டு அபராதம் போட 2002-ஆம் ஆண்டின் விதியே இருக்கிறது. அபராதச் சீட்டோடு வாசலுக்கு வாசல் ஆள் நிற்க முடியுமா? முடியாது. பேனர் நிற்கும். அதில் இருப்பது யாரோ ஒரு அதிகாரியின் எச்சரிக்கை இல்லை, தன் பிள்ளையின் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளை வரைந்த படம். அதைப் பார்த்துக்கொண்டே இன்ஜினை ஓடவிடுவது கொஞ்சம் கஷ்டம்.

அடுத்த முறை ஒரு பிள்ளை காற்றை எப்படி வரைவது என்று கேட்டால், புகைபோக்கியைக் காட்ட வேண்டாம். பள்ளி வாசலைக் காட்டுங்கள். அங்கே நிற்கும் காரை வரையட்டும். அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் அப்பாவையும் சேர்த்தே வரையட்டும்.