பிடிபடாத மாடு

ஸ்ரீரங்கம் பஞ்சக்கரைச் சாலையில், கொள்ளிடத்தை ஒட்டிய டீக்கடை. 2025 பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு காரிக் காளை நிற்கிறது. ஆற்று மணல் மேட்டைக் குத்திவிட்டு நேராக வந்திருப்பதால், கொம்பு நுனியிலிருந்து நெற்றி வரை ஈர மணல் அப்பியிருக்கிறது. கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி பக்கத்தில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கலாம். டீயைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். மாட்டை விட்டு ஓரடி நகரவில்லை.

பெஞ்சில் மூன்று பேர். தோளில் துண்டு போட்ட பெரியவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். பையன் மாடு அணைகிறவன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முன்கைகளின் உட்புறமும் தோல் வழண்டு சிவந்திருக்கிறது. திமிலைக் கட்டிக்கொண்டு மாட்டோடு சுழலும்போது அதன் ரோமம் அரம்போல் உராய்கிற இடம் அது. கண்ணாடித் தம்ளரை விரல் நுனியால்தான் பிடித்திருந்தான்.

பேச்சு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் தொடங்கியது. வியாழக்கிழமை நடந்தது. 20 மாடு பிடித்த பூவந்தி அபிசித்தருக்குக் கார், சேலத்துக் காளை பாகுபலிக்கு டிராக்டர். அதில் மூவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. உள்ளூர்ப் பக்கம் வந்ததும்தான் குரல் ஏறியது.

“ஒரு வாடிவாசல்ல புடிபடாமப் போற மாடு எரநூறு இருக்கும். அதுல ஒண்ணுக்கு மட்டும் முதல் பரிசுன்னா எப்படிண்ணே? புடிபடலைன்னா புடிபடலைதான். அதுல என்ன ஒசத்தி, தாழ்த்தி?” என்றார் ஆட்டோக்காரர்.

பெரியவர் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். “வாடிய விட்டு வந்த மாடு திரும்பிப் பாக்காம கலெக்‌ஷன் பாயிண்டுக்கு ஓடிருச்சு. அதுவும் புடிபடாத மாடு. இன்னொண்ணு நின்னு, சுத்தி, கிட்ட வந்தவனை எல்லாம் ஒதுங்க வெச்சுட்டு நடந்து போச்சு. ரெண்டும் ஒண்ணாப்பா?”

“ஓடுறதும் மாட்டோட சாமர்த்தியம்தானே?”

“சாமர்த்தியந்தான். அதுக்கு அண்டா குடு. காரு நின்ன மாட்டுக்கு.”

இந்த இடத்தில் நான் பெரியவர் பக்கம். மாட்டின் வெற்றி என்பது நடக்காத ஒன்று: யாரும் அணையவில்லை, அவ்வளவே. திமிலை மட்டும்தான் பிடிக்க வேண்டும்; வாலையோ கொம்பையோ தொடக் கூடாது; மூன்று துள்ளல் தாங்க வேண்டும், அல்லது எல்லைக்கோடு வரை விடாமல் போக வேண்டும். இதில் எதுவும் நடக்கவில்லை என்றால் மாடு ஜெயித்தது. நின்று ஆடிய மாட்டுக்கும் நில்லாமல் ஓடிய மாட்டுக்கும் ஒலிபெருக்கியில் ஒரே அறிவிப்புதான். வீரனுக்காவது எண்ணிக்கை உண்டு. அந்த எண்ணிக்கையிலேயே 2024 அலங்காநல்லூரில் தகராறு வந்தது. கருப்பாயூரணி கார்த்திக்கு 18, அபிசித்தருக்கு 17 என்று அறிவித்தார்கள். அபிசித்தர் அதை ஏற்கவே இல்லை. மாட்டுக்கு அப்படி எண்ணுவதற்குக்கூட ஒன்றுமில்லை. பார்த்தவர் கண்தான் தராசு.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பையன் வாயைத் திறந்தான். “எந்தச் சுத்துல அவுத்தாங்கன்னும் பாக்கணும்ணே. காலைல முதல் சுத்துல உள்ள நிக்கிறதுல பாதிப் பேரு புதுசு. கடைசிச் சுத்துல நிக்கிறது ஒவ்வொரு சுத்துலயும் புடிச்சு மேல வந்த கை. அவங்ககிட்ட தப்பிச்ச மாடுதான் மாடு.”

“அவன் காலைலேர்ந்து மிதிபட்டு, இடிபட்டு, மூச்சு வாங்கிட்டு நிப்பான். உன் கையையே பாரு. இந்தக் கையோட சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மாட்டை அணைவியா நீ?”

பையன் கையைப் பார்த்தான். பதில் இல்லை.

தோற்காதவர்களில் யார் உசத்தி என்ற இந்தச் சண்டை உலகம் முழுக்க நடக்கிறது. கல்லூரி அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலில் 2023-ல் ஃபுளோரிடா ஸ்டேட் அணி 13 ஆட்டம் ஆடி 13-லும் ஜெயித்தது. பட்டத்துக்கான நான்கு அணிகளை ஒரு குழு உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. தலா ஓர் ஆட்டம் தோற்றிருந்த டெக்சாஸும் அலபாமாவும் உள்ளே வந்தன. தோற்காத அணி வெளியே நின்றது. அதன் முக்கியமான ஆட்டக்காரர் காயம்பட்டுவிட்டார், இனி அது பழைய அணி இல்லை என்பது குழு சொன்ன காரணம். அடுத்த ஆண்டிலிருந்து நான்கு இடம் பன்னிரண்டானது. அந்த மாற்றம் முன்பே முடிவானதுதான் என்றாலும், அந்தப் பையன்களுக்கு ஓர் ஆண்டு பிந்தி வந்தது. காயம்பட்டது ஒருவர், ஆட வந்தது ஓர் அணி. ஆடவிட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பெஞ்சில் பேச்சு கோயில் காளைக்குப் போயிருந்தது. முதலில் அவிழ்ப்பது அதைத்தான். சாமி மாடு என்பதால் யாரும் பிடிக்க மாட்டார்கள். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதில் மூவரும் ஒன்று. அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

“நம்ம மாட்டையும் இந்த வருசம் யாரும் புடிக்கலண்ணே.”

“எந்த வாடிம்மா?” ஆட்டோக்காரர் திரும்பினார்.

“அவுக்கவே இல்லையே.”

டோக்கன் இருந்திருக்கிறது. முதல் நாள் இரவே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தியிருக்கிறார். முன்னால் ஒரு மாடு போனால் இரண்டு அடி நகர்வது, மறுபடி நிற்பது. தண்ணீர் காட்டினால் வயிறு கனத்துவிடும் என்று அளந்து அளந்து காட்டினாராம். வாடிக்கு முன்னால் ஏழெட்டு மாடு இருக்கும்போது நேரம் முடிந்தது என்று மைக்கில் சொல்லிவிட்டார்கள். சொல்லும்போதே கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். உள்ளங்கையின் குறுக்கே கயிறு இழுத்த கோடு, பழைய தழும்பின்மேல் புதியது.

பருத்திக்கொட்டையும் உளுந்துப் பொட்டும் என்ன விலை விற்கிறது என்று பெஞ்சில் இருந்த மூவருக்கும் தெரியும். தினமும் நடைக்கும் நீச்சலுக்கும் மண் குத்தவும் ஒருவர் கூடவே நிற்க வேண்டும் என்பதும் தெரியும். அந்த வாரம் அலங்காநல்லூருக்குப் பதிவான மாடுகள் மட்டும் 5,786. வாடியைக் கண்டவை ஆயிரத்தை ஒட்டி. எந்த மாடு உசத்தி என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வாடி வரைக்கும் போய்த் திரும்பிய மாட்டுக்கு யார் பதில் சொல்வது?

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் மாட்டைப் பற்றிச் சொன்னார். மணப்பாறைச் சந்தையில் நாலு பல்லில் வாங்கியது, செவலை. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 15, 16, 17 என்று மூன்று பொங்கல் வாடி இல்லாமல் போனது. 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்து, அவசரச் சட்டம் வந்தபோது மாடு அவரிடம் இல்லை. முந்தின வருடமே விற்றுவிட்டார்.

“நல்ல மாடாய்யா?” பையன் கேட்டான்.

“எப்படிப்பா சொல்றது? அவுத்துப் பாத்தாத்தானே தெரியும்.”

ஆட்டோக்காரர் எழுந்து தம்ளரை வைத்துவிட்டு வந்தார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. “இந்த வருசம் அவுக்காமத் திருப்பின மாட்டுக்கெல்லாம் அடுத்த வருசம் அதே வாடில முதல் டோக்கன் குடுக்கணும். எழுதி வாங்கிக்கணும்.”

செய்ய முடிகிற காரியம் இது. ஆன்லைன் பதிவு வந்த பிறகு மாட்டின் படம், உரிமையாளர் பெயர், டாக்டர் சான்று எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. எது அவிழ்ந்தது, எது அவிழவில்லை என்று குறிப்பதற்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் போதும்.

“அப்ப உள்ளூர் மாடு?” பெரியவர் உடனே கேட்டார். “ஊர்க்காரன் வரி குடுத்து வாடி கட்டுறான். அவன் மாடு பின்னாடி நிக்குமா?”

“பாதிப் பாதி வெக்கலாம்ணே.”

“பாதின்னா எத்தனைம்மா? கோயில் மாட்டைச் சேத்தா, சேக்காமலா?”

அந்தப் பெண் மாட்டைப் பிடித்துக்கொண்டே சாலையைத் தாண்டிப் பெஞ்சுப் பக்கம் வந்தார். “சேக்காமண்ணே. மொதல்ல இந்த மாசம் வேற எங்க டோக்கன் குடுக்குறாங்கன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். பையன் ஃபோனை எடுத்தான்.