விட்டுவிட்ட கேள்விகள்

நீட் மாதிரித் தேர்வு முடிந்து தாள்கள் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது, பிள்ளைகள் தொடாமல் விட்ட கேள்விகளைத்தான். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். சனிக்கிழமைகளில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நீட்டுக்குத் தயார் செய்கிறேன்.

மொத்தம் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4. தவறினால் 1 குறையும். விட்டால் வரவும் இல்லை, போகவும் இல்லை. இயற்பியலின் 45 கேள்விகளில் பாதியைக்கூட விட்டுவிட்டு எழுந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. "ஏம்மா விட்ட?" என்றால் ஒரே பதில்தான்: "தெரியல மிஸ். மைனஸ் மார்க் போயிடும்ல."

ஒருநாள் கேள்வியை மாற்றிப் போட்டேன். பூமியில் அலைவு நேரம் 2 விநாடி உள்ள தனி ஊசல், ஈர்ப்பு முடுக்கம் ஆறில் ஒரு பங்காக இருக்கும் நிலவில் எவ்வளவு நேரம் எடுக்கும்? 0.8, 2, 4.9, 12 என்று நான்கு விடைகள். இதையும் விட்டிருந்த ஒரு மாணவியிடம், "விடை வேண்டாம். எது இருக்கவே முடியாது, அதை மட்டும் சொல்லு" என்றேன். "நிலாவுல மெதுவாத்தான் ஆடும் மிஸ். அப்ப 0.8 வராது. 2-ம் வராது" என்றாள் உடனே. மிச்சம் இரண்டு. அதில் 12, வர்க்கமூலத்தை மறந்தவர்களுக்காக வைத்த விடை. அவளுக்குச் சூத்திரத்தில் ஒரு வர்க்கமூலக் குறி இருப்பதும் நினைவில் இருந்தது. இவ்வளவும் தெரிந்தவள்தான் 'தெரியல' என்று விட்டிருந்தாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு விடைகளை நியாயமாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அப்படி 20 கேள்விகளில் பாதி சரியானாலே 40 வரும், 10 போகும். கையில் 30 நிற்கும். கண்ணை மூடிக் குறித்தால்கூடச் சராசரி கால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். அதை நான் ஊக்குவிப்பதில்லை. அந்தக் கால் மதிப்பெண்ணை நம்பி இறங்கினால் ஏறுவதும் இறங்குவதும் அதிர்ஷ்டத்தின் கையில்.

கணக்கு புரிந்தும் கை நகரவில்லை. ஏன் என்று விளங்க எனக்கு நாளாயிற்று. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழிக்கும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். வரப்போகும் நாலைவிட, கையிலிருந்து போகும் ஒன்று அவர்களுக்குப் பெரிது. அதோடு, வரி பிசகாமல் ஒப்பித்தால்தான் 'தெரியும்' என்று நாங்களே பழக்கியிருக்கிறோம். பாதி தெரிவதும் தெரிவதுதான் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

எனக்கு மட்டும் யார் சொன்னார்கள்? எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். முழு விடையும் மனதில் ஓடாமல் வகுப்பில் நான் கை தூக்கியதே இல்லை. தப்பாகச் சொன்னால் 'இவளுக்கு எதற்குப் படிப்பு' என்று ஆகிவிடுமோ என்ற பயம். அந்தப் பெண்ணின் தாளில் நான் பார்த்தது என் பயத்தைத்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும், இந்தத் தேர்வு வேண்டாம் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம். ஆனால் என் முன்னால் இருக்கும் பிள்ளை இந்த ஆண்டே எழுத வேண்டும். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகு, எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் எட்டும் தொலைவில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டின் தரவரிசைப் பட்டியலில் சில மதிப்பெண்களே பெயரை மேலேயும் கீழேயும் தள்ளிவிடும்.

இப்போது பயிற்சியில் விடையைக் குறிக்கும் முன், நீக்கிய ஒவ்வொன்றையும் வினாத்தாளில் அடித்துவிட்டு, பக்கத்தில் காரணத்தை இரண்டு மூன்று சொல்லில் எழுதச் சொல்கிறேன். அலகு ஒத்துவரவில்லை, குறைய வேண்டியது கூடுகிறது, இப்படி. காரணம் எழுத வரவில்லை என்றால் அடிக்கக் கூடாது. ஓஎம்ஆர் தாளில் ஒருமுறை நிரப்பியதை அழிக்க முடியாது, அதனால் யோசனை எல்லாம் வினாத்தாளிலேயே முடிய வேண்டும். உயிரியலுக்கு இந்த முறையை அப்படியே கொண்டுபோக வேண்டாம் என்றும் சொல்வேன். 'கூற்று ஒன்று சரி, இரண்டு தவறு' என்கிற கேள்விகளில் அரைகுறை நினைவு ஆளை நன்றாக ஏமாற்றும். அங்கே பாடப்புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு மாற்று இல்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று சாதாரண வகுப்பிலும் நடக்கிறது. கேள்வி கேட்டால் தலை குனிந்திருந்த கடைசி வரிசையிலிருந்து இப்போது குரல் வருகிறது: "மிஸ், முழுசாத் தெரியாது. ஆனா அது இல்ல." அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு, "ஏன் இல்ல?" என்று அங்கிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.