ஐம்பதாயிரம் போதும்

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். 'இதுக்கா இவ்வளவு விலை?' என்றுதான் தோன்றும். நான் பேங்க் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வருடம் முழுக்க வாங்கிய சம்பளத்தைவிட அதிகம். அதை ஐஸ் பெட்டியில் வைத்து, ஜெல் பாக்கெட் நேரடியாகப் படாமல் துண்டில் சுற்றி, சனிக்கிழமை தவறாமல் மனைவியுடன் தெருமுனை கிளினிக்குக்குப் போவேன். பெயர் ரோமிப்ளோஸ்டிம். ரத்தத்தில் ப்ளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் குறைகிறவர்களுக்கு, வாரம் ஒரு முறை தோலுக்கடியில் போடுகிற ஊசி.

ஒரு சனிக்கிழமை வழக்கமான நர்ஸ் லீவு. புதிதாக ஒரு பெண். சுறுசுறுப்பான பெண்தான். டாக்டர் சீட்டில் '180 மைக்ரோகிராம், 0.36 மில்லி' என்று எழுதியிருந்தார். குப்பிக்குள் 0.72 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்தாள். சிரிஞ்சில் உறிஞ்சினாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"மருந்து கம்மியா இருக்கு சார். 36 வரல, 28லயே நின்னுடுச்சு. இன்னொரு பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா?"

மேஜையில் கிடந்த சிரிஞ்ச் மூடியைப் பார்த்தேன். சிவப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருபது வருடம் இன்சுலின் போட்டிருக்கிறோம். சிவப்பு மூடி என்றால் 40 யூனிட் சிரிஞ்ச். அதில் 40 கோடு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. 36ஆவது கோடு என்பது 0.36 மில்லி அல்ல, 0.9 மில்லி. குப்பியில் இருந்த மருந்து அத்தனையும் சிரிஞ்சுக்குள் ஏறிவிட்டது. போட வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றேன். உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். பார்த்தார். ஒன்றும் பேசாமல், மில்லியில் நூறில் ஒரு பங்கு வரை கோடு போட்ட ஒரு மில்லி சிரிஞ்சை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கியது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். குப்பி மேல் 250 என்று போட்டிருக்கும்; ஆனால் சிரிஞ்சிலும் குப்பியிலும் ஒட்டிக்கொண்டு வீணாவதற்காக உள்ளே கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருப்பார்கள். 'குப்பியில் இருப்பது ஒரு டோஸ்தானே' என்று யாருக்கும் தோன்றும். அது ஒரு டோஸ் இல்லை. எடையைப் பெருக்கி, வகுத்து, கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய மருந்து.

அன்றைக்கு அந்தச் சிவப்பு மூடி என் கண்ணில் பட்டதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் இல்லை. அதற்கு முன் நானே ஒரு தப்பு செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

மனைவிக்கு முதலில் வந்தது முழங்கையில் ஒரு நீலத் தடம். "எங்கயாவது இடிச்சிருப்பேங்க" என்றாள். பிறகு பல் தேய்த்தால் ரத்தம். காலில் கடுகு தூவினாற்போல் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்கு லேப்பிலிருந்தே போன். "சார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ப்ளேட்லெட் 8,000 இருந்தது.

டெங்கு இல்லை. புற்றுநோய் இல்லை. ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்து கடைசியில் மிஞ்சியதற்கு ஐ.டி.பி. என்று பெயர் சொன்னார்கள். உடம்பின் காவல் படை, சொந்தத் தட்டணுக்களையே அந்நியன் என்று முத்திரை குத்திவிடுகிறது. முத்திரை விழுந்ததை மண்ணீரல் அழித்துவிடுகிறது. பத்து நாள் வரை வாழ வேண்டிய தட்டணு சில மணி நேரத்தில்கூடப் போய்விடலாம்.

இதைக் கண்டுபிடித்த கதை விசித்திரமானது. 1950ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், இந்த நோய் இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய ப்ளேட்லெட் சரிந்தது. வலிப்பே வந்துவிட்டது. சில நாட்களில் தேறிவிட்டார். எலும்பு மஜ்ஜை சோம்பேறி ஆனதால் வரும் நோய் இது என்ற எண்ணம் போய், ரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒன்றுதான் அழிக்கிறது என்று தெரிந்தது. யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ப்ளேட்லெட் ஏறியது. கூடவே சர்க்கரை ஏறியது, முகம் பௌர்ணமி ஆனது, ராத்திரி தூக்கம் போனது. குறைத்தால் மறுபடி சரிவு. அப்புறம்தான் இந்த ஊசி.

டாக்டர் எங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னார்: "உங்க அபார்ட்மென்ட் தொட்டில ஓட்டை இருக்குன்னு வச்சுக்கங்க. இந்த மருந்து ஓட்டையை அடைக்காது. மோட்டாரை ஓட்டும்."

சென்னைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியைத் தூண்டும் இயற்கைச் சுரப்பு ஒன்று உண்டு, த்ரோம்போபொயட்டின். 1994ல்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதையே கொஞ்சம் மாற்றி மருந்தாக்கிப் பார்த்தபோது விபரீதம். ஆரோக்கியமான சிலரின் உடம்பு அந்த மருந்தை எதிர்க்கக் கிளம்பி, தன் சொந்தச் சுரப்பையும் சேர்த்துத் தாக்கியது. இருந்த ப்ளேட்லெட்டும் போனது. அந்த மருந்தைக் கைவிட்டார்கள். பிறகு வந்த ரோமிப்ளோஸ்டிம் அதே பொத்தானைத்தான் அழுத்துகிறது. ஆனால் இயற்கைச் சுரப்பின் ஜாடையே இல்லாமல் செய்தது. 2008ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மோட்டார் உவமையை மனசில் வைத்துக்கொண்டால் இந்த மருந்தின் ஜாக்கிரதைகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

மோட்டாரை ஒரேயடியாக முழு வேகத்தில் போடக் கூடாது. பெரியவர்களுக்கு வழக்கமாக எடையில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்று தொடங்கி, வாராவாரம் ரத்தம் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். பத்துக்கு மேல் போவதில்லை. என் மனைவி 60 கிலோ, மூன்றில் நின்றது. அதுதான் அந்த 180.

தொட்டி வழியவும் கூடாது. ப்ளேட்லெட் கூடினால் ரத்தம் உறையும். காலிலோ நுரையீரலிலோ கட்டி அடைக்கலாம். இரண்டு லட்சத்தைத் தாண்டி இரண்டு வாரம் நின்றால் அளவைக் குறை, நாலு லட்சத்தைத் தாண்டினால் நிறுத்திப் பார் என்பது அமெரிக்க விதி. ஒரு வாரம் எங்களுக்கு 2,30,000 வந்தது. நான் ஸ்வீட் பாக்ஸோடு டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"சார், நமக்கு வேண்டியது நார்மல் இல்ல. ரத்தம் கசியாம இருக்கணும். ஐம்பதாயிரம் போதும்" என்றார்.

முப்பத்து மூன்று வருடம் பேங்கில் இருந்தவனுக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். மினிமம் பேலன்ஸ். செக் திரும்பாமல் இருந்தால் சரி. ஆனால் புரியவில்லை.

மூன்றாவது ஜாக்கிரதை, மோட்டாரைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. நிறுத்தினால் நீர்மட்டம் ஆரம்பத்தில் இருந்ததற்கும் கீழே போகலாம். இதையும் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன்.

திருநெல்வேலியில் மச்சினர் பெண் கல்யாணம். தொடர்ந்து மூன்று வாரமாக 1,10,000க்குக் குறையவில்லை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போய், அங்கே ஊசி போட ஆள் தேடி... எனக்கு அலுப்பாக இருந்தது. "ஒரு வாரம்தானே, வந்து போட்டுக்கலாம்" என்றேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள்.

கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்பாரோ என்ற பயம். இன்னும் உண்மையைச் சொன்னால், ஒரு குப்பியின் விலை மிச்சமாகும் என்றும் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. திரும்பி வந்த மறுநாள் காலை, "வாய்ல என்னவோ கொப்புளம் மாதிரி இருக்குங்க" என்று கண்ணாடி முன் நின்றாள். நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கமும் கறுப்புத் திராட்சை போல ரத்தக் கொப்புளங்கள். ப்ளேட்லெட் 4,000. முதல் நாள் இருந்ததில் பாதி.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. தலையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நாற்பது நிமிடம் வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. கசிவு இல்லை. தப்பித்தோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை, பூதக்கண்ணாடி வைத்து வரி விடாமல் படிக்கிறவனாகிவிட்டேன். அதில் தெரிந்துகொண்டவை: ஃப்ரிட்ஜில் 2லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீஸரில் வைத்து உறைந்தால் மருந்து வீண். கரைக்கும்போது மெதுவாகச் சுழற்ற வேண்டும், இருமல் மருந்து மாதிரி குலுக்கக் கூடாது. மிச்சத்தை 'பாவம், இவ்வளவு விலை' என்று அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்கவே கூடாது. கெடாமல் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதை அந்தந்தத் தயாரிப்பின் தாளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த மருந்துக்குத் தலைவலி வரும். தலைவலி வந்தால் நாம் என்ன செய்வோம்? டப்பாவைத் திறந்து ஏதோ ஒரு மாத்திரை. அது ஆஸ்பிரினாகவோ இபுப்ரோஃபெனாகவோ இருந்தால், இருக்கிற கொஞ்சம் தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. தலைவலி மாத்திரைக்கும் டாக்டரைக் கேளுங்கள். பொறுக்க முடியாத தலைவலி என்றால் மாத்திரையே தேடாதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

டெங்கு சீசனில் போன் வரும். "உங்க வீட்ல ப்ளேட்லெட் ஏத்தற ஊசி போடறாங்களாமே, பேர் சொல்லுங்க சார்." சொல்ல மாட்டேன். டெங்குவில் சரிவது பெரும்பாலும் தானே ஏறும். அந்த நோய்க்கான ஊசி இது இல்லை. பப்பாளி இலைச் சாறோடு வீட்டு வாசலில் நின்றவர்களுக்கும் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

சமையலறை தினசரி காலண்டரில் சனிக்கிழமைத் தாள்களின் ஓரத்தில் மனைவி பென்சிலால் எண் எழுதி வருகிறாள். 58,000. 71,000. 62,000. நீலத் தடங்கள் இல்லை. பல் தேய்த்தால் நுரை வெள்ளையாக இருக்கிறது. காலையில் அதை ஒரு தடவை எட்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து மச்சினர் போன். "அக்கா, நார்மல்னா ஒன்றரை லட்சமாமே? உனக்கு இன்னும் அறுபதுலயே நிக்குதே, வேற டாக்டரைப் பாக்கலாமா?"

அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டே, தோளில் போனை இடுக்கியபடி சொன்னாள்:

"எதுக்குடா? எங்களுக்கு ஐம்பதாயிரம் போதும். மேல இருக்கறதெல்லாம் வட்டி."