அப்பாவின் பத்மினியும் அஞ்சு ரிம்மும்

எங்கள் பிரீமியர் பத்மினி 1978 மாடல். அப்பா திருநெல்வேலியில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி, இப்போது புனேயில் என்னிடம் இருக்கிறது. என்.ஓ.சி., மறுபதிவு என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது தனிக் கதை. அதை விடுங்கள், இன்றைக்குப் பேச்சு சக்கரத்தைப் பற்றி மட்டும்தான்.

பத்மினிக்குக் கம்பெனி கொடுத்த டயர் 5.20-14. அதாவது 14 இன்ச் இரும்பு ரிம், அதன்மேல் ஒல்லியான கிராஸ்-பிளை டயர், உள்ளே ட்யூப். இந்த சைஸைக் கேட்டு புனேயில் ஆறு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் சிரித்தே விட்டார். இன்னொருவரிடம் பழைய ஸ்டாக் இருந்தது, ஆனால் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. டயர் இல்லாவிட்டால் காரை ஷெட்டில் நிறுத்தி பூஜை போட வேண்டியதுதான். பழைய கார்க்காரர்கள் ரிம் சைஸை மாற்றுவது எல்லாமே ஸ்டைலுக்காக இல்லை சார். முக்கால்வாசிப் பேருக்கு வண்டி ஓடணுமே என்கிற கவலைதான்.

விஷயம் வெளியே தெரிந்ததும் யோசனைகள் வரிசையாக வந்தன. மச்சான் சொன்னது, 13 இன்ச் ரிம் போட்டு அகலமான டயர் மாட்டுவது. பார்க்க ஜம்மென்றுதான் இருக்கும். ஆனால் ரிம்மின் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, டயரோடு சேர்த்து மொத்த விட்டத்தைப் பார்க்க வேண்டும். பத்மினியின் பழைய டயருக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற 155/80 ஆர்14 ரேடியலின் மொத்த விட்டம் 604 மில்லிமீட்டர். 175/70 ஆர்13 போட்டால் 575தான். ஐந்து சதவீதம் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 57-ல் போய்க்கொண்டிருப்போம். அதே வேகத்துக்கு என்ஜின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். வண்டியின் வயிறு 14 மில்லிமீட்டர் கீழே இறங்கும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களை நினைத்துக்கொண்டேன், வேண்டாம் என்றேன்.

அடுத்தது லேத் பட்டறைக்காரர். இருக்கிற ரிம்மையே சுற்றிலும் வெட்டி, நடுவில் ஒரு இரும்புப் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் வெல்டிங் அடித்து அகலப்படுத்தித் தருகிறேன், ஒரே நாளில் வேலை முடியும் என்றார். விலையும் மலிவு. அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அகலப்படுத்துறதுன்னா எப்படில?"

"நடுவுல வெட்டி, பட்டை வச்சு வெல்ட் பண்ணுவாங்கப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பிள்ளையள வச்சுத்தானல ஓட்டுவ?" என்று கேட்டார். அவ்வளவுதான். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். 165/80 ஆர்14 டயரின் விட்டம் 620 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 514 தடவை சுற்றும். புனேயிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஒரு வழிப் பயணத்துக்கே ஆறு லட்சம் சுற்றைத் தாண்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெல்டிங் ஒரு தடவை அமுங்கி நிமிர்கிறது. இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் மடக்கினால் எப்படி ஒடிகிறதோ அதே வேலைதான், மெதுவாக நடக்கிறது. முதல் நாள் ஒன்றும் ஆகாது. முதல் மாதமும் ஆகாது. அதுதான் பயமே.

கம்பெனி ரிம்மிலும் வெல்டிங் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. சென்னையில் பாடி பக்கம் போனவர்கள் வீல்ஸ் இந்தியாவைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஆலைகளில் தகட்டை வளையமாகச் சுருட்டி, முனைகளைச் சேர்த்து, உருளைகளில் விட்டு வடிவம் கொடுத்து, தனியாக அழுத்திச் செய்த நடுத்தட்டை அதில் பொருத்தி வெல்ட் செய்கிறார்கள். பிறகு மாதிரிக்கு எடுத்த ரிம்களை மெஷினில் மாட்டி, லட்சக்கணக்கில் சுற்றவிட்டு, விரிசல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். பட்டறையில் அந்தச் சோதனை நம் பயணத்தில்தான் நடக்கும் :-)

நண்பர் ஒருவர் தன் அம்பாசடருக்கு இப்படி வெட்டி ஒட்டிய ரிம் போட்டிருந்தார். ஒருநாள் வண்டி கழுவும்போது வெல்டிங் ஓரமாகத் துருக்கோடு ஒன்று கண்ணில் பட்டது. கழற்றிப் பார்த்தால் தலைமுடி மாதிரி விரிசல்.

அகலம் எந்தப் பக்கம் கூடுகிறது என்பதும் முக்கியம். வெளிப்பக்கம் முழுக்கத் தள்ளினால் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும். பத்மினிக்கு பவர் ஸ்டியரிங் கிடையாது, தோள்தான் பவர். உள்பக்கம் தள்ளினால் திருப்பத்தில் டயர் எதிலாவது உரசும்.

கடைசியில் விட்டத்தில் கை வைக்கவில்லை. தொழிற்சாலையிலேயே கொஞ்சம் அகலமாகச் செய்த, வெட்டாத 14 இன்ச் இரும்பு ரிம் ஐந்து பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன். போல்ட் துளைகள் சரியாக உட்காருகிறதா, பிரேக் டிரம்மில் படாமல் சுற்றுகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே 165/80 ஆர்14 போட்டோம். இன்றைய சின்னக் கார்களுக்கு வருகிற சைஸ், எந்த ஊரிலும் கேட்டு வாங்கலாம். பழைய ரிம் என்பதால் உள்ளே ட்யூப் உண்டு.

அசல் ரிம் ஐந்தும் (ஸ்டெப்னி உட்பட) துரு நீக்கி, ரெட் ஆக்ஸைடு அடித்து, பெயின்ட் பூசி, சாக்கில் சுற்றி லாஃப்டில் இருக்கின்றன. "என் பாத்திரத்தை எங்கே வைக்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை.

ஆனால் காரணம் உண்டு. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவில் இருக்கும் கார்களை விண்டேஜ் என்று பதியலாம். எங்கள் பத்மினிக்கு 2028-ல் ஐம்பது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. மாட்டிய ரிம்மைக் கழற்றிவிடலாம். வெட்டிய ரிம்மை யாராலும் ஒட்டி அசலாக்க முடியாது.

ஊரில் உங்கள் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பத்மினி, அம்பாசடர், ஹெரால்டு எதாவது நிற்கலாம். லீவுக்குப் போகும்போது ஸ்டெப்னி உட்பட ஐந்து ரிம்மும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எடைக்குப் போட மட்டும் விட்டுவிடாதீர்கள். வேறு ரிம் மாட்டினால், நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.